மூன்று இரவுக்கு மேல் நிற்கக்கூடாது

ஒரு படகுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பெரிய கப்பல் ஒன்றும் இல்லை. ஹெர் பொலிங்கர் ஞாயிற்றுக்கிழமைகளில் சூரிச் ஏரியில் இறக்கி, ஒரு மீனும் பிடிக்காமல் திரும்ப இழுத்துக்கொண்டு வரும் சின்ன வெள்ளைப் படகு. அட்லிஸ்வில்லில் அந்த நாலு மாடி வீட்டின் முன்னால், தனக்குச் சொந்தமான இரண்டு கார் தரிப்பிடங்களில் ஒன்றில், நீலத் தறப்பாளால் போர்த்தி அதை ஆறு வருடம் வைத்திருந்தார். யார் கண்ணை உறுத்தியதோ, எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் வீட்டுச் சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேரும் கூட்டம் போட்டுக் கை உயர்த்திவிட்டார்கள். படகோ, கரவனோ, வேறு எந்த இழுவை வண்டியோ, முற்றத்தில் மூன்று இரவுக்கு மேல் நிற்கக்கூடாது. பதினொரு கை மேலே போனது. போகாத ஒரு கை பொலிங்கருடையது. மனிதர் படகை இழுத்துக்கொண்டு போய் எங்கோ ஒரு பண்ணைக் கொட்டிலில் விட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து முதலாம் மாடி பல்கணியில் உட்கார்ந்து மற்றவர்களுடைய வண்டிகளை எண்ணத் தொடங்கினார். நியாயம்தானே! என்னைக் கிளப்பினீர்கள், இனி ஒருத்தனையும் விடமாட்டேன் என்கிற வீம்பு.

அந்தச் சட்டம் மூன்றாம் மாடியில் இருந்த தங்களையும் வந்து கடிக்கும் என்று சிறில் கனவிலும் நினைக்கவில்லை. அவர்களிடம் படகும் இல்லை, காரும் இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. ஐந்து தமிழ் ஆட்கள்; ஐந்து பேரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள். வீடு முதலாளி கெல்லருடையது, வேலையும் கெல்லரின் உணவகத்துக் குசினியில்தான். சிறிலுக்கு அங்கே அடுப்படி வேலை. மன்னார் பேசாலைக்காரன், கிறிஸ்தவ வேதக்காரன், வயது நாற்பத்தொன்று. ஐந்து பேரில் மூத்தவன் என்பதால் எல்லாருக்கும் அண்ணை.

கார்த்திகை பிறக்குமுன் கெல்லர் உணவகத்தை இரண்டு கிழமைக்குப் பூட்டிவிட்டு ஸ்பெயினுக்கு வெயில் காயப் போய்விடுவார். அந்த முறையும் அப்படித்தான். இரண்டு பேர் திரிம்பாக்கில் உறவுக்காரரிடம் போக, வீட்டில் மிஞ்சியது மூன்று பேர்: சிறில், வாய்க்காரன் யோகராஜா, சலாட் வெட்டும் சச்சிதானந்தன். சச்சியின் தம்பி மகேஸ்வரனை ஆவணியில் பஸ்ஸால் இறக்கி இராணுவம் கொண்டுபோயிருந்தது. ஏதோ ஒரு முகாமில் இருக்கிறான் என்பதற்கு மேல் தகவல் இல்லை. தம்பி உயிரோடு வெளியே வரவேண்டும் என்று சச்சி கந்தசஷ்டி பிடிக்கப் போவதாகச் சொன்னான். ஆறு நாள், ஒரு நாளைக்கு ஒரு மிளகும் மூன்று கை தண்ணீரும், வேறொன்றும் இல்லை.

பிடிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் சிறில் லீவுக்கென்று மாட்டிறைச்சி வாங்கிக் கறி வைத்திருந்தான். சச்சி குசினி வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"இந்தப் பிணவாடைக்குள்ள என்ர முருகனை வைக்கேலாது, சிறிலண்ணை."

"உம்மட முருகன் வேடர் வீட்டில பொம்பிளை எடுத்தவர். என்ர சட்டிக்குப் பயந்து ஓடுவாரோ?" என்றான் சிறில். சிரிக்கச் சொன்னதுதான். சச்சி சிரிக்கவில்லை. யோகராஜாவை மொழிபெயர்க்கப் பிடித்துக்கொண்டு நேரே கெல்லரிடம் போனான். அவரும் ஸ்பெயினுக்குக் கிளம்புகிற அவசரத்தில், உள்ளே படுக்கையும் மேசையும் வைத்த தன்னுடைய பழைய கரவனைக் காரில் இழுத்துக்கொண்டுவந்து தன் தரிப்பிடத்தில் விட்டு, சாவியையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தானும் கை உயர்த்திய சட்டம் என்பது அந்த நேரம் அவருக்கு மறந்தே போயிற்று.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முருகன் படம் ஒன்றும், குத்துவிளக்கு ஒன்றும், சச்சியும் கரவனுக்குக் குடிபோனார்கள். திங்கள் விரதம் தொடங்கியது. விடிய நிலவறைச் சலவை அறையில் குளிப்பு. பிறகு கரவனைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளிப்பு. பிறகு பகல் முழுக்கத் தேவாரம். சிறிலுக்கு மனம் கேட்கவில்லை. என்னதான் ஏசினாலும் கூட இருக்கிறவன். பின்னேரம் ஒரு கம்பளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

"உள்ள வராதேங்கோ அண்ணை, படியில வையுங்கோ."

"உள்ள வரேல்லையடாப்பா. குளிருதோ?"

"குளிர் என்ன செய்யும். ஒரு பிழையும் விடாமல் ஆறு நாளையும் முடிச்சனெண்டால் தம்பி வருவான். அது நிச்சயம்."

"பிழை ஏதும் வந்தால்?"

சச்சியின் முகம் சுருங்கிவிட்டது. "வரக்கூடாது. வந்தால் அவன்ர உயிருக்கு நான்தான் பொறுப்பு."

புதன்கிழமை காலை கரவன் கண்ணாடியில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்று இரவு முடிந்துவிட்டது, வண்டியை எடுக்கவும். கீழே பொலிங்கரின் கையெழுத்து. எடுக்கிறதாம்! இழுக்கக் கார் இல்லை, கார் ஓட்ட ஒருத்தனிடமும் லைசன்ஸ் இல்லை, கெல்லரின் ஸ்பெயின் தொலைபேசி எண்ணும் இல்லை. யோகராஜா கடதாசியைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டு கீழே போய்விட்டான். சிறில் யோசித்துக்கொண்டு நின்ற நேரம் தொலைபேசி அடித்தது.

கொழும்பிலிருந்து சண்முகலிங்கம். சச்சிக்கு மாமா முறை.

"சச்சி நிக்கிறானோ?"

"வெளியில நிக்கிறான். நான் சிறில், கூட இருக்கிறனான். சொல்லுங்கோ."

"மகேசு முடிஞ்சான் தம்பி." அந்தப் பக்கத்தில் மூச்சு வாங்குவது கேட்டது. "நேற்றுக் காலமை. தப்பி ஓடினவன் எண்டு சுட்டதாம். உடம்பைத் தந்திட்டு உடனயே எரிக்கச் சொன்னவங்கள். எரிச்சாச்சு. சச்சிக்குப் பக்குவமாச் சொல்லும்."

சிறில் தொலைபேசியை வைத்தான். நேரே படியிறங்கிப் போய் கரவன் கதவைத் தட்டவேண்டியதுதான். இரண்டாம் மாடி வரைக்கும் இறங்கியும் விட்டான். அங்கே கால் நின்றுவிட்டது.

இப்போது சொன்னால் விரதம் அரைவாசியில் முறியும். சாவுச் செய்தி காதில் விழுந்த நிமிடத்திலிருந்துதான் துடக்கு, தீட்டு எல்லாம். விழாதவரைக்கும் விரதக்காரனுக்கு ஒன்றும் இல்லை. இது சைவக்காரரின் கணக்கு. யாழ்ப்பாணத்து ஆட்களோடு மூன்று வருடம் ஒரே வீட்டில் கிடந்ததில் சிறிலுக்கும் பாடம். அதைவிடப் பெரிய பயம் வேறொன்று இருந்தது. விரதம் முறிந்ததும் தம்பி போனதும் ஒரே மூச்சில் வந்தால் சச்சி எதை எதோடு முடிச்சுப் போடுவான்? மூன்றாம் நாள் முறிந்தது, தம்பி இல்லை, அவ்வளவுதான். செத்தது செவ்வாய், முறிந்தது புதன் என்று ஆயிரம் தரம் சொன்னாலும் ஏறாது. சாகும்வரை தன்னைத்தானே தின்றுகொண்டு திரிவான். ஆறு நாளையும் குறையில்லாமல் முடிக்கட்டும். ஞாயிறு காலை பாரணை பண்ணி ஒரு வாய் சோறு உள்ளே போகட்டும். அதற்குப் பிறகு சொன்னால், நான் செய்ய வேண்டியதைச் செய்தேன் என்கிற ஒன்றாவது அவனுக்கு மிஞ்சும்.

சிறில் திரும்பிப் படியேறினான். யோகராஜாவிடமும் சொல்லவில்லை. அவன் வாயில் ஒரு செய்தி அரை மணித்தியாலம் தங்கினால் அதிசயம்.

அந்த யோகராஜாதான் பாய்ந்து வந்தான். "அண்ணை, கண்டுபிடிச்சிட்டன்! கீழ வாசலில ஒட்டியிருக்கிற சட்டத்தில 'அதே தரிப்பிடத்தில்' எண்டுதான் எழுதியிருக்கு. பக்கத்து இடத்துக்குத் தள்ளிவிட்டால் கணக்கு புதிசாத் தொடங்கும். இன்னும் மூண்டு இரவு!"

புதன், வியாழன், வெள்ளி. சனி ஒரு இரவு குறைகிறது, அதைப் பிறகு பார்ப்போம். சச்சி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. விரதத்தில் இடம் மாறக்கூடாதாம். "முருகன் இருக்கிற இடத்தில இருக்கிறார், வண்டிதானே நகருது? தேர் இழுக்கேக்க சுவாமி இடம் மாறினதெண்டு ஆரும் சொல்லுறதோ?" என்று யோகராஜா ஒரு போடு போட்டான். நாலு சில்லுக்குக் கீழும் திருஷ்டிக்கு நாலு தேசிக்காயை வைத்துத்தான் சச்சி தள்ள விட்டான். மூன்று நாள் பட்டினி கிடந்தவனும் சேர்ந்து தள்ளினான். பக்கத்து இடம் வெறுமையாகத்தான் கிடந்தது. தள்ளி முடித்ததும், புது இடம் துப்புரவாக வேண்டும் என்று வாளி நிறைய மஞ்சளைக் கரைத்துச் சுற்றிவர நாலு பக்கமும் ஊற்றினான்.

அது யாருடைய இடம் என்று மூன்று பேரில் ஒருத்தனும் யோசிக்கவில்லை.

வியாழன் முழுக்க சிறிலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். சட்டியைக் கழுவினான், கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவினான். தொலைபேசி அடித்தால் ஓடிப்போய் எடுத்தான். அடிக்காவிட்டால் வயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். மிச்ச மாட்டிறைச்சியைச் சாப்பிட மனம் வரவில்லை, குப்பையில் போட்டான். கீழே சச்சியின் குரல் கேட்கும்போதெல்லாம் யன்னலைச் சாத்தினான், பிறகு திறந்தான். ஒரு செத்தவனை உயிரோடு கேட்டுப் பாடுகிறான், நான் மேலே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்! இது நல்லதா, பாவமா? இதைத் தீர்மானிக்க நான் யார்? செபமாலையை எடுத்தான், இரண்டு மணி உருட்டினான், வைத்துவிட்டான்.

"என்னண்ணை, குட்டி போட்ட பூனை மாதிரித் திரியிறியள்?" என்று யோகராஜா கேட்டான்.

"பல்லுக் குத்து," என்றான் சிறில்.

புதன்கிழமை கடதாசியை ஒட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்த பொலிங்கர் வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பி வந்தார். இரண்டு நாள் அவர் இல்லாதது அவர்களுக்கு வசதியாக இருந்தது; திரும்பி வந்ததும் முற்றத்தில் எழுந்த சத்தத்தில் நாலு மாடியிலும் யன்னல் திறந்தது. தன்னுடைய படகையே வைக்க விடாத தன்னுடைய சொந்த இடம்! அதில் கெல்லரின் கரவன் நிற்கிறது. அது போதாதென்று சுற்றிவர மஞ்சள். அந்த நாட்டில் தரையில் மஞ்சள் கோடு போட்டால் 'இந்த இடம் எனக்குரியது' என்று அர்த்தம். பொலிங்கர் அதைக் காட்டிக் காட்டிக் கத்தினார். மனிதரின் கண்ணில் ஏறக்குறையக் கண்ணீர் நின்றது. யோகராஜா "குர்க்குமா, குர்க்குமா" என்று மஞ்சளுக்கு ஜெர்மன் சொல்லி விளங்கப்படுத்தப் போய் இன்னும் கெடுத்தான்.

"நாளை மத்தியானம் பன்னிரண்டு மணி. இல்லையென்றால் பொலிஸ்."

பொலிஸ்! அந்தச் சொல் போதும். விண்ணப்பம் போட்டிருக்கிற ஐந்து பேரின் கோப்பிலும் பொலிஸ் வந்தது என்று ஒரு வரி ஏறினால், அடுத்த கிழமையே ஐந்து பேருக்கும் விமானம் ஏற்பாடாகிவிடும் என்று அந்த நாட்களில் எல்லாரும் நம்பினார்கள். யோகராஜாவின் முகத்தில் ரத்தம் இல்லை. "அண்ணை, சச்சியண்ணையை வீட்டுக்குள்ள வரச் சொல்லுங்கோ. ஒரு நாள்தானே மிச்சம். எங்கட உயிரையும் பாக்கவேணும்."

சச்சி கரவன் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றான், பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவான். "நீங்கள் ரெண்டு பேரும் எங்கயாவது போங்கோ. பொலிஸ் வந்தால் என்னைப் பிடிக்கட்டும். நான் இதை விட்டு இறங்கினால் தம்பி இல்லை." அவன் சிறிலைப் பார்த்த பார்வை கெஞ்சுகிற பார்வை. சிறில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சிறில் இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, யோகராஜாவுக்குத் தெரியாமல் முதலாம் மாடிக் கதவைத் தட்டினான். பொலிங்கர் திறந்தார். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். சிறிலுக்கு வருவது குசினி ஜெர்மன்: சூடு, கெதியா வா, இன்னும் இரண்டு தட்டு. அதை வைத்துக்கொண்டு சொல்லவேண்டியதைச் சொன்னான்.

"அவனுடைய தம்பி செத்துப்போனான். படை சுட்டது. கீழே இருப்பவன் தம்பிக்காகக் கும்பிடுகிறான். ஆறு நாள் சாப்பாடு இல்லை. நாளைக் காலை முடியும். நாளை எட்டு மணி. எட்டு மணிக்கு முடிந்துவிடும், எல்லாம்."

நாலு நாளாக நெஞ்சுக்குள் கிடந்ததை முதல் முதலில் இந்த மனிதனிடமா சொல்லவேண்டும்! யாரும் இல்லாத நடைக்கூடத்தில், அந்நியன் ஒருவன் முன்னால், சிறில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பொலிங்கர் தன் செருப்பைப் பார்த்தார். "எத்தனை வயது?"

"இருபத்திரண்டு."

"நாளை எட்டு," என்றார் பொலிங்கர். "இழுக்க என்ன செய்வாய்? கார் இருக்கிறதா?" சிறில் இல்லையென்று தலையை ஆட்டினான். "என் காரில் கொக்கி இருக்கிறது. என் படகு நிற்கிற கொட்டிலில் இடமும் இருக்கிறது. எட்டு மணிக்கு வருவேன்."

சிறில் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடினான். எட்டு மணி என்று அவன் சொன்னது நம்முடைய எட்டு மணி. எட்டு என்றால் எட்டரை, ஆட்கள் வந்து சேர ஒன்பது. நம்மில் எந்தக் கல்யாணம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருக்கிறது? பொலிங்கர் கேட்டது சுவிஸ்காரனின் எட்டு மணி. சந்தோஷத்தில் சிறிலுக்கு அது உறைக்கவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பொலிஸ் வரவில்லை. பின்னேரம் சச்சி கரவனுக்குள் சூரனைக் கொன்று முடித்தான். வாழைப்பழத்தில் செய்த சூரன், கத்தி கெல்லரின் குசினிக் கத்தி. அவன் குரல் அடைத்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது.

ஞாயிறு விடிய நாலு மணிக்கே சிறில் எழும்பிவிட்டான். புதுச் சட்டியில் சோறு, பருப்பு, கத்தரிக்காய் வெள்ளைக்கறி. முருங்கைக்காய் கிடைக்காததற்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். ஏழரை மணிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது சச்சி குளித்து, விபூதி பூசி, படத்துக்கு முன்னால் இருந்தான். கன்னம் உள்ளே போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"உள்ள வாங்கோ அண்ணை."

சிறில் படியில் நின்றான்.

"வாங்கோ எண்டுறன். விரதம் முடிஞ்சுது. நீங்களும் இருந்து சாப்பிடுங்கோ. அண்டைக்கு அப்பிடிக் கதைச்சிருக்கக்கூடாது நான்."

சிறில் உள்ளே போய் அந்தச் சின்ன மேசையில் குனிந்து இருந்தான். வாழையிலைக்கு எங்கே போக. தட்டில் சோற்றைப் போட்டான். பருப்பு மேசையில் சிந்தியது. "தொடங்கு சச்சி. ஆறினால் நல்லா இராது."

"யோகன் தயிர் வாங்கப் போட்டான். ஸ்டேசனில மட்டும்தான் இண்டைக்குக் கடை. வரட்டும்."

"அவன் வருவான். நீ ஒரு வாய் தின்."

"மூண்டு பேரும் ஒண்டா இருந்து சாப்பிடுவம் அண்ணை. எனக்காக எவ்வளவு பாடுபட்டனீங்கள்."

"தின்னடா எண்டுறன்!" சிறில் கத்தியேவிட்டான். சச்சி வியப்பாகப் பார்த்தான், பிறகு சிரித்தான், சோற்றைப் பிசைந்தான். ஒரு பிடி உருட்டிக் கையில் எடுத்தான். அப்போது தேவாலய மணி எட்டு அடித்தது. முற்றத்தில் ஒரு கார் வந்து நின்றது.

பொலிங்கர் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார், கறுப்பு டை கட்டியிருந்தார். திறந்திருந்த கதவு வழியாகத் தலையைக் குனிந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சச்சியின் முன்னால் கையை நீட்டினார்.

"ஹெர்ஸ்லிஹெஸ் பைலைட்," என்றார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, வேறும் ஏதோ சொன்னார்.

சச்சிக்குக் கரட்டும் கோவாவும் வெங்காயமும்தான் ஜெர்மனில் தெரியும். சோற்றுக் கையோடு எழும்பி, இடது கையால் அவர் கையைப் பிடித்து, சிரித்துத் தலையாட்டிவிட்டுச் சிறில் பக்கம் திரும்பினான்.

"என்னவாம் அண்ணை? கோவம் ஆறிட்டுதாமோ?"

ஒரு பொய் போதும். காலை வணக்கம் சொல்கிறார் என்றால் முடிந்தது. அந்தப் பிடி சோறு வாய்க்குள் போய்விடும். சிறில் வாயைத் திறந்தான். பொலிங்கர் இன்னும் தொப்பியை நெஞ்சில் பிடித்தபடி நின்றார், சச்சியின் கண்ணையே பார்த்துக்கொண்டு. அந்த முகத்துக்கு முன்னால் சிறிலுக்குப் பொய் வரவில்லை.

"உன்ர தம்பிக்காகத் துக்கம் சொல்லுறார், சச்சி."

சச்சி சிரித்த முகத்தோடே நின்றான். கையிலிருந்த சோற்றுருண்டை அப்படியே இருந்தது. சிரிப்புப் போகக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எப்ப?"

"செவ்வாய்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"புதன் காலமை. விரதம் முறியக்கூடாதெண்டு… நீ உன்னைக் குத்தம் சொல்லக்கூடாதெண்டு…"

சச்சி கேட்கவில்லை. உருண்டையைத் தட்டில் வைத்தான், ஒரு பருக்கை சிந்தாமல். பிறகு விரல் மடித்து எண்ணத் தொடங்கினான். "திங்கள் முதலாம் நாள். செவ்வாய் ரெண்டாம் நாள். செவ்வாய்க்கிழமை நான் நாலரைக்கு எழும்பினனான். குளிச்சனான். ரெண்டு மிளகு… இல்லை, ஒண்டு. தண்ணி மூண்டு கை. மூண்டோ, நாலோ?" அவன் சிறிலின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "சொல்லுங்கோ அண்ணை, நீங்கள் மேலயிருந்து பாத்தனீங்கள்தானே. செவ்வாய்க்கிழமை நான் என்ன பிழை விட்டனான்?"

நாலு நாள் ஓடி ஓடி அடைத்த கதவு இது. சிறிலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நீ ஒண்டும் விடேல்லையடா. சுட்டவன்ர பிழை. சுட்டவன்ர பிழை சச்சி."

"இல்லை, ஏதோ விட்டிருக்கிறன். யோசிச்சுப் பாருங்கோ," என்றான் சச்சி, திரும்ப முதலாம் விரலிலிருந்து தொடங்கினான்.

பொலிங்கர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய் ஓடிக்கொண்டிருந்த கார் என்ஜினை நிறுத்தினார். பிறகு பல்கணிக்கும் போகாமல், வீட்டுக்கும் போகாமல், மஞ்சள் படிந்த தரையில் நின்றுகொண்டே இருந்தார். அன்று கரவனை யாரும் இழுக்கவில்லை.